பல்லில் அடைப்பது மருந்தா, நஞ்சா?



தென் கடாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் பத்து நாளாக என் மேசை மேல் கிடக்கிறது. மற்றக் கடிதங்களுக்கு இடையில் அதை வைத்துவிட மனம் வரவில்லை. அவர் எழுதியதை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்.

"அக்கா, என் மூத்த மகளுக்கு 11 வயது. பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் மிஸ்ஸி, கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்திருக்கிறது, அடைக்க வேண்டும் என்று சொல்லி, கையெழுத்து வாங்கி வரும்படி பாரம் கொடுத்து அனுப்பினார். கையெழுத்துப் போடப் போன நேரத்தில் என் நாத்தனார் தடுத்துவிட்டார். பல்லில் வைக்கிற மருந்து விஷம், அது உள்ளே இறங்கி உயிரணுவைக் கொல்லும் என்று கைப்பேசியில் வந்த படத்தைக் காட்டினார். எனக்கும் இரண்டு பல்லில் வெள்ளி அடைத்து 18 வருடம் ஆகிறது. இப்போது கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். அதைத் தோண்டி எடுத்துவிடலாமா? மகள் பல்லையும் பிடுங்கிவிட்டால் தொல்லை தீருமா? பாரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது."

இதற்கு இரண்டே வரியில் பதில் எழுதிவிடலாம். பயப்படாதீர்கள், அடைத்துக்கொள்ளுங்கள் என்று. அப்படி எழுதினால் நாத்தனாரின் கைப்பேசிதான் ஜெயிக்கும். ஏனென்றால் அதில் வந்தது முழுப் பொய் இல்லை. பல்லில் வைக்கும் பொருள்களில் பலவற்றை உயிரணுக்களின் மேல் நேராக ஊற்றினால் அவை சாகத்தான் செய்யும். பல் மருத்துவத் துறையினரே இதைச் சோதித்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் வாயில் அந்தப் பொருளுக்கும் உயிரணுவுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரைக் காப்பாற்றவும் பொருளின் கடுமையைக் குறைக்கவும் நூறாண்டுக்கு மேலாக வேலை நடந்து வருகிறது. படத்தை எடுத்தவர் இந்த இரண்டையும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

நானும் ஒரு காலத்தில் பல் மிஸ்ஸியாக இருந்தவள். பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் தாதியருக்கென்று பினாங்கில் 1949ஆம் ஆண்டு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். நியூசிலாந்தில் 1921லேயே இப்படிப் பெண்களைப் பழக்கிப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். அந்த முறையைப் பார்த்துத்தான் இங்கும் வந்தது. எழுபதுகளில் பயிற்சி பெற்றவர்களில் நானும் ஒருத்தி. தோட்டத்துப் பள்ளி வாசலில் வேன் நின்றதும் பிள்ளைகள் பால்மரக் காட்டுக்குள் ஓடி ஒளிவார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து வருவதற்குள் பாதிக் காலை போய்விடும்.

இந்தப் பிள்ளைகள் முதலில் பயந்தது வாசனைக்குத்தான். பல் ஆஸ்பத்திரி என்றால் ஒரு வாசனை உண்டல்லவா? அது கிராம்பு வாசனை. இதே பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் பக்கம் ஒரு காலத்தில் தோட்டம் தோட்டமாக வளர்ந்த கிராம்பின் எண்ணெயில் பெரும்பங்கு யூஜெனால் என்ற பொருள். அதைத் துத்தநாகத் தூளோடு குழைத்தால் இறுகிப்போகும். 19ஆம் நூற்றாண்டிலிருந்து பல் வைத்தியர்கள் தற்காலிக அடைப்பாகவும் அடித்தளமாகவும் பயன்படுத்தியது இதைத்தான். வலியைத் தணிக்கும். நம் தாய்மாரும் பல் வலித்தால் கிராம்பைக் கடித்துக்கொள்ளச் சொன்னது வெறும் நம்பிக்கை இல்லை.

ஆனால் இதே யூஜெனாலைச் சோதனைக் கிண்ணத்தில் உள்ள உயிரணுக்களின் மேல் அப்படியே விட்டால் அவை பிழைக்காது. பஞ்சில் கிராம்புத் தைலத்தை நனைத்து ஈற்றில் வைத்துவிட்டு, மறுநாள் வெள்ளையாக வெந்துபோன ஈறோடு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். குழைத்து இறுகிய அடைப்பிலிருந்து கசிவது மிகச் சிறிய அளவு. அதுவும் பல்லின் சுவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அந்த அளவில் அது வலியைத் தணிக்கிறது. நாத்தனார் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. பொருள் ஒன்றுதான். எவ்வளவு, எதைத் தாண்டிப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தச் சுவர் என்ன என்று பால் வெட்டியவர்களுக்கு விளக்குவது எளிது. பால்மரத்துப் பட்டையை வழிக்கும்போது கத்தி எங்கே நிற்க வேண்டும்? பால் வரும் அளவுக்கு ஆழம் போக வேண்டும். மரத்தின் கட்டையைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கங்காணி வரிசையில் எல்லோருக்கும் எதிரில் ஏசுவார். பல்லும் இப்படித்தான். மேலே எனாமல். அதற்குக் கீழே மஞ்சள் நிறத்தில் டென்டின். நடுவில் நரம்பும் இரத்தமும் உயிரணுக்களும் உள்ள பற்கூழ். டென்டின் கல் மாதிரி தெரிந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் ஓடுகின்றன. ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம். மேலே வைக்கும் பொருளிலிருந்து கசிவது இந்தக் குழாய்கள் வழியாகத்தான் பற்கூழுக்குப் போகும். ஓட்டைக்கும் பற்கூழுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் டென்டின் மிஞ்சியிருந்தாலே கசிவின் பெரும்பகுதி தடுக்கப்பட்டுவிடும். இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் கவலையே இல்லை. குழாய்க்குள்ளிருந்து வெளியே தள்ளும் ஈரமும் டென்டினின் தாதுவும் சேர்ந்து வேண்டாததைப் பிடித்துக்கொள்கின்றன.

ஆக, ஓட்டை சிறியதாக இருக்கும்போதே போனவருக்கும் வலி தாங்காமல் போனவருக்கும் ஒரே பொருளை வைத்தாலும் உள்ளே நடப்பது ஒன்றாக இருக்காது. 11 வயதுப் பெண்ணின் பல்லில் பற்கூழ் பெரிதாக, மேற்பரப்புக்குக் கிட்டத்தில் இருக்கும். ஒரு பள்ளித் தவணை தள்ளிப்போட்டால் அந்த நேரத்தில் சுவர் கரைந்துகொண்டே இருக்கும். கடிதம் எழுதிய தாயாரிடம் நான் அவசரப்படுவது இதனால்தான்.

பழைய பல் மருத்துவப் புத்தகங்களில் சிலிகேட் சிமெண்ட் என்று ஒன்று வரும். முன்பல்லுக்கு வெள்ளையாக வைப்பார்கள். அதில் பாஸ்போரிக் அமிலம் உண்டு. அதை வைத்த பற்கள் பல உள்ளே செத்துப்போயின. அமிலம்தான் கொன்றது என்று வெகுகாலம் எல்லோரும் நம்பினார்கள். 1965ஆம் ஆண்டு அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, பிட்ஜெரால்டு என்ற மூவர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சாதாரண எலிகளின் கடைவாய்ப் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்து விட்டபோது பற்கூழ் அழுகியது. கிருமியே இல்லாத கூண்டில் பிறந்து வளர்ந்த எலிகளுக்கும் அதையே செய்தார்கள். ஓட்டைக்குள் தீனி அடைந்து கிடந்தும் அவற்றின் பற்கூழ் சாகவில்லை. திறந்த இடத்தில் புது டென்டினைப் பாலம் போலக் கட்டி மூடிக்கொண்டது! எனக்குப் பயிற்சிக் காலத்தில் இதைச் சொன்னபோது நம்ப முடியவில்லை.

அதிலிருந்து பல ஆராய்ச்சியாளர்களின் பார்வை மாறியது. பொருளின் கடுமை ஒரு பக்கம் இருக்கட்டும், அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டால் அதில் கிருமி புகுந்து செய்யும் கேடு பல நேரங்களில் அதைவிடப் பெரிது என்று தெரிந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விஷமே இல்லாத அடைப்பு என்று விளம்பரப்படுத்தி, எச்சில் ஈரத்தோடு அவசரமாக ஒட்டி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அது சரியாக ஒட்டாது.

இனி, வெள்ளி அடைப்பு. வெள்ளி என்றதும் சம்பள வெள்ளி நினைவுக்கு வர வேண்டாம். அதன் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. நான் வேலைக்கு வந்த புதிதில் பாதரசத்தையும் உலோகத் தூளையும் சிறு கல்வத்தில் அரைத்து, துணியில் வைத்துப் பிழிவோம். மிஞ்சிய பாதரசம் முத்து முத்தாக உருண்டு ஓடும். அன்று உலகத்தில் பல இடங்களில் அப்படித்தான் செய்தார்கள். பிறகு மூடிய குப்பிக்குள்ளேயே குலுக்கிக் கலக்கும் முறை வந்தது. வெள்ளி அடைப்பில் அதிக ஆபத்து அதை வைப்பவர்களுக்கும் எடுப்பவர்களுக்கும்தான் இருந்தது என்று இன்று நினைக்கிறேன். இறுகிய அடைப்பிலிருந்து மெல்லும்போது மிகச் சிறிதளவு பாதரச ஆவி வரும். துளைக்கும்போது அதைவிடக் கூடுதலாக வரும்.

பாதரசத்தைப் பற்றி உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு மினமாட்டா என்று பெயர். ஜப்பானில் அந்த ஊர்க் கடலில் தொழிற்சாலை கொட்டிய பாதரசக் கழிவு மீன் வழியாக மக்கள் உடலில் ஏறி, நரம்பு கெட்டு, கைகால் இழுத்துப்போன கொடுமை 1956ல் வெளியே தெரிந்தது. அது வேறு வகைப் பாதரசம். பல்லில் இருப்பது அதுவல்ல. ஆனாலும் பல் கிளினிக்கிலிருந்து சாக்கடைக்கும், உடலை எரிக்கும் சுடலையிலிருந்து காற்றுக்கும் போவது கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. நார்வே 2008லும் சுவீடன் 2009லும் வெள்ளி அடைப்பைக் கைவிட்டதற்குச் சுற்றுப்புறமே பெரிய காரணம். மினமாட்டா ஒப்பந்தம் 2013ல் கையெழுத்தாகி 2017ல் நடைமுறைக்கு வந்தது. 2022ல் பாலித் தீவில் கூடியபோது, பால்பற்களுக்கும் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மாருக்கும் வெள்ளி அடைப்பு வேண்டாம், மருத்துவர் அவசியம் என்று கருதினால் மட்டுமே வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஜெனீவாவில் கூடிய நாடுகள் 2034க்குள் உலகம் முழுவதும் முடித்துவிட ஒப்புக்கொண்டன.

அப்படியானால் வெள்ளை அடைப்புக்குப் போய்விட்டால் தீர்ந்ததா? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிடக் கூடாது.

இன்று பல இடங்களில் வைக்கும் வெள்ளை அடைப்பு ஒரு வகைப் பிசின். ரெசின் என்பார்கள். அமெரிக்காவில் போவன் என்பவர் கண்டுபிடித்து 1962ல் உரிமம் பெற்றார். குழம்பாக வைத்து நீல ஒளியைக் காட்டினால் அதிலுள்ள சிறு சிறு மூலக்கூறுகள் கைகோத்து வலையாகி இறுகும். ஆனால் எல்லாமே கைகோப்பதில்லை. பிணைப்புகளில் ஏறத்தாழ பாதியிலிருந்து முக்கால் பங்குதான் சேரும். சேராத மிச்சத்தில் பெரும்பகுதி வலையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். கொஞ்சம் மட்டும் தளர்ந்து வெளியே கசியும். அதிலும் பெரும்பகுதி முதல் சில நாளிலேயே வந்துவிடும். சிறிய மூலக்கூறுகள் டென்டின் குழாய்க்குள்ளும் இறங்கும். உயிரணுவுக்குள் போனால் அங்கே காவல் காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளைத் தீர்த்துவிடும். காவல் இல்லாத வீடு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கசிவைக் குறைக்கும் வேலை இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று ஆய்வுக்கூடம். மற்றது கிளினிக் நாற்காலி. நாற்காலி வேலையை முதலில் சொல்கிறேன். அதற்குக் காசு அதிகம் ஆகாது, பொறுமைதான் வேண்டும். பிசினை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பாக ஒரே தடவையில் வைக்கக் கூடாது. ஒளி அடிவரை போகாது, அடியில் பச்சையாகவே இருந்துவிடும். அடிப்பகுதிதானே பற்கூழுக்குக் கிட்டே இருக்கிறது! படிப்படியாக வைத்து ஒவ்வொரு படிக்கும் முழு நேரம் ஒளி காட்ட வேண்டும். விளக்கு பழசாகி மங்கினால் மேலே கல் போலத் தெரியும், உள்ளே வேகாத இட்லி மாதிரி இருக்கும். விளக்கின் வலுவை அவ்வப்போது அளந்து பார்ப்பது நல்ல கிளினிக்கின் அடையாளம். காற்றுப் படுவதால் அடைப்பின் மேற்புறத்தில் இறுகாத பிசுபிசுப்பு ஒன்று நிற்கும். அதைத் தேய்த்து எடுத்து மெருகிட்டு, வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். சில இடத்தில் அதற்குள் அடுத்தவரை அழைத்துவிடுகிறார்கள். நேயர்கள் எழுந்துவிடாமல் கொப்பளித்துவிட்டே எழுந்திருங்கள்.

ஓட்டை ஆழமாக இருந்தால் பிசினுக்கு அடியில் ஒரு காப்புப் படுகை போடுவார்கள். 1920ல் ஜெர்மனியில் ஹெர்மான் என்பவர் இதற்குக் கொண்டுவந்த பொருள் என்ன தெரியுமா? கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்பின் ஜாதிதான். அது காரம். தொட்ட இடத்தில் உயிரணுக்களை மெல்லிய ஏடு அளவுக்குப் பொசுக்கும். அந்த ஏட்டுக்குக் கீழே இருக்கும் உயிரணுக்கள் விழித்துக்கொண்டு புது டென்டின் கட்டும். கிருமியும் அந்தக் காரத்தில் நிற்காது. (இதைப் படித்துவிட்டு யாரும் வெற்றிலைப் பெட்டியைத் திறக்க வேண்டாம். ஓட்டைப் பல்லில் சுண்ணாம்பு வைத்து வாய் வெந்து வந்த ஒரு பெரியவரை நான் மறக்கவில்லை.)

அதன் பிறகு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் டோராபினெஜாட் என்ற பேராசிரியர் இன்னொன்றைக் கொண்டுவந்தார். எம்.டி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வீடு கட்டும் போர்ட்லண்டு சிமெண்டுக்கு அது நெருங்கிய உறவு. வேண்டாத உலோகங்கள் நீங்கச் சுத்தப்படுத்தி, எக்ஸ்ரேயில் தெரிவதற்கு ஒரு பொருள் சேர்த்தது. ஈரத்திலேயே இறுகும். சிமெண்ட் ஈரத்தில் இறுகுவது நமக்குப் புதிதில்லை. பல்லுக்கு அது பெரிய வரம், ஏனென்றால் வாய்க்குள் ஈரம் இல்லாத இடம் ஏது? திறந்துபோன பற்கூழின் மேல் நேராக வைத்தாலும் உயிரணுக்கள் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொண்டு அடியில் சுவர் எழுப்புகின்றன. முன்பு பிடுங்கிப் போட்ட பற்கள் சில இன்று இதனால் பிழைக்கின்றன. விலைதான் கூடுதல்.

பிள்ளைகளுக்கு நான் மிகவும் நம்பிய பொருள் கிளாஸ் அயனோமர். வில்சன், கென்ட் என்ற இருவர் லண்டன் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் 1960களின் இறுதியில் உருவாக்கியது. கண்ணாடித் தூளையும் மென்மையான ஓர் அமிலத்தையும் குழைப்பது. பழைய சிலிகேட்டின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். இந்த அமிலத்தின் மூலக்கூறு மிகப் பெரியது, குழாய்க்குள் எளிதில் நுழையாது. பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும். பல்லை உறுதியாக்கும் புளோரைடையும் சிறிது சிறிதாக விடும். எண்பதுகளின் நடுவில் தான்சானியாவில் மின்சாரமில்லாத கிராமங்களில் வெறும் கைக் கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து இதை வைத்து அடைத்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 1994ல் அந்த முறையை எல்லா நாட்டுக்கும் எடுத்துச் சொன்னது. சத்தமில்லை, துளைப்பதில்லை. ஓடி ஒளிந்த என் பிள்ளைகளுக்கு இது முன்பே வந்திருக்கக் கூடாதா என்று பலமுறை நினைத்திருக்கிறேன். குறையும் உண்டு. பிசின் அளவுக்குத் தேய்மானம் தாங்காது. குழைத்த முதல் நேரத்தில் அதற்கும் புளிப்பு உண்டு. புதிதாக வைத்ததை உயிரணுக்களோடு சேர்த்தால் ஓரளவு வாட்டத்தான் செய்யும்.

இந்தக் குறையைப் போக்கும் முயற்சி நம் நாட்டிலேயே நடக்கிறது. 1969ல் இதே பினாங்கில் பிறந்த யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் பல்மருத்துவப் பள்ளி கிளந்தானில் குபாங் கிரியானில் இருக்கிறது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள், எலும்பிலும் பல்லிலும் உள்ள தாதுவையும் சிலிக்காவையும் மிக நுண்ணிய துகளாக்கிக் கிளாஸ் அயனோமரில் கலந்தார்கள். பிறகு மனிதப் பற்கூழிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்களில் அதைச் சோதித்து 2017ல் வெளியிட்டார்கள். புதுக் கலவை பழையதைவிட உயிரணுக்களுக்குக் கூடுதல் கேடு செய்யவில்லை.

சோதனை எப்படி என்று கேட்பீர்கள். பிடுங்கிய பல்லை உடைத்துப் பற்கூழை எடுத்து, தீனி கொடுத்துக் கிண்ணத்தில் வளர்ப்பார்கள். அடைப்புப் பொருளை ஊறவைத்த நீரை அளவு மாற்றி மாற்றி அதில் விடுவார்கள். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள். உயிரோடு இருக்கும் அணு அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும். செத்தது மாற்றாது. ஊதா எவ்வளவு ஆழமோ அவ்வளவு உயிர் மிச்சம். நாத்தனாரின் கைப்பேசிப் படத்தில் செத்த உயிரணு என்று காட்டியது இப்படிப்பட்ட கிண்ணமாகத்தான் இருக்க வேண்டும். கிண்ணத்தில் டென்டின் சுவர் இல்லை. கழுவிக்கொண்டு போக இரத்த ஓட்டமும் இல்லை. நல்ல பொருளை மோசமான பொருளிலிருந்து பிரித்தெடுக்கத்தான் அந்தக் கடுமையான சோதனை.

அதே பள்ளியில் நெல் உமியிலிருந்தும் பல்லடைப்பு செய்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? உமியை எரித்தால் வரும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதை நுண்துகளாக்கி ரெசினில் கலந்தார்கள். பிசினில் துகள் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பிசின் குறைகிறது. பிசின் குறைந்தால் கசிவதும் குறைய வழியுண்டு. கடாரத்து வயலில் அறுவடை முடிந்து உமி மலையாகக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு இப்போது வேறு நினைப்பு வருகிறது. இன்னொரு பக்கம், சளியைக் கரைக்க நமக்குக் கொடுக்கும் அசிட்டில்சிஸ்டீன் மருந்தைச் சிறிது சேர்த்தால் தீர்ந்துபோன குளூட்டாதயோனை உயிரணு மறுபடி ஊறவைத்துக்கொள்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். அது கிண்ணத்தில் கண்டது.

சரி, கடிதத்துக்கு வருகிறேன்.

தங்கச்சி, மகளின் பல்லைப் பிடுங்க வேண்டாம். 11 வயதில் இருக்கும் பெரிய கடைவாய்ப் பல் பெரும்பாலும் ஆறு வயதில் முளைத்த நிலைப்பல்லாக இருக்கும். போனால் மறுபடி முளைக்காது. பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாயும். பாரத்தில் கையெழுத்துப் போட்டு நாளைக்கே கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு நாள் வேலை விட்டுக் கூடப் போங்கள். என்ன பொருள் வைக்கப் போகிறீர்கள், ஆழமாக இருந்தால் அடியில் காப்பு போடுவீர்களா என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று நம் பெண்கள் வாயைத் திறப்பதே இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் கேட்கிற தாயைத்தான் எனக்குப் பிடிக்கும். அடைத்த பிறகு குளிர்ந்த தண்ணீர் பட்டால் சில நாள் சுள்ளென்று இருக்கலாம், அது அடங்கிவிடும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்தால் காத்திருக்காமல் திரும்பப் போங்கள்.

உங்கள் வெள்ளி அடைப்பு இரண்டையும் இப்போது தொட வேண்டாம். அதுவும் கைக்குழந்தை பால் குடிக்கும்போது தொடவே வேண்டாம். உடையாமல், ஓரம் விடாமல் இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும். தோண்டும்போதுதான் ஆவி அதிகம் வரும், நல்ல பல்லும் சேர்ந்து போகும். நல்ல நிலையில் உள்ள அடைப்பைப் பயத்தால் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2020ல் சொல்லியிருக்கிறது. குழந்தை பால் மறந்த பிறகு, உடைந்தோ ஓரத்தில் சொத்தை விழுந்தோ மாற்ற நேர்ந்தால், தண்ணீரைப் பீய்ச்சி உறிஞ்சிக்கொண்டே பெரிய துண்டாக வெட்டி எடுக்கும்படி கேளுங்கள். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு போட்டால் இன்னும் நல்லது. 1864ல் நியூயார்க்கில் பார்னம் என்ற பல் வைத்தியர் எச்சில் படாமல் இருக்கக் கண்டுபிடித்த விரிப்பு அது. துகளும் தொண்டைக்குள் போகாது. நாம் வெட்டிய பால்தான் அதிலும் இருக்கிறது. ரப்பர் கையுறை பட்டால் உங்களுக்குத் தோல் தடிக்கும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வேறு வகை விரிப்பும் உண்டு.

நாத்தனாரிடம் சண்டை போடாதீர்கள். அவர் உங்கள் பிள்ளையின் மேல் உள்ள அக்கறையில்தான் தடுத்தார். இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவருக்கும் ஏதாவது பல் வலி இருந்து சொல்லாமல் வைத்திருக்கிறாரா என்றும் மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

மகள் துளைக்கும் சத்தத்துக்குப் பயப்படுகிறவளாக இருந்தால், கைக் கருவியால் சுரண்டி எடுக்க முடியுமா என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். அடைத்து வந்ததும் எந்தப் பல், என்ன பொருள் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா